கேம்பிரிட்ஜின் ஆண்ட்ரூ கிரேகி: ஊர்ப் பெரியவரா, நிலத் தரகரா?

#1 கிடங்குக்காரன்

34 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் மருந்துக் கிடங்கில் கழிந்தது. ஊரில் இன்றும் என்னைக் கம்பவுண்டர் என்றுதான் அழைக்கிறார்கள். கார்மினேட்டிவ் மிக்சரைக் கலக்கி, குப்பியின் மேல் வேளைக்கணக்குக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுத்த கடைசித் தலைமுறை நாங்கள்.

போர் வரலாறு படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை உண்டு. எந்தக் குன்றை எந்தத் தளபதி பிடித்தான் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவன் படைக்குப் பேதி கண்டபோது மருந்து எங்கிருந்து வந்தது, யார் எண்ணி வைத்தது, யாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது என்பதெல்லாம் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. அப்படி எண்ணி வைத்த ஒருவரைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. பெயர் ஆண்ட்ரூ கிரேகி. பாஸ்டன்காரர். அமெரிக்கப் புரட்சிப் படையின் முதல் தலைமை மருந்துக்காரர்.

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 11 நாள் கழித்து, ஏப்ரல் 30 அன்று, மாசசூசெட்ஸின் பாதுகாப்புக் குழு கிரேகியை மருந்து இருப்புக்குப் பொறுப்பாளராக நியமித்து ஆணை போட்டது. இருப்பைப் பார்த்துக்கொள், குழு சொல்கிறபடி எடுத்துக் கொடு என்பதுதான் ஆணையின் சாரம். நான் முதன்முதலில் கிடங்குச் சாவியை வாங்கியபோது கையில் கொடுத்த தாளும் ஏறத்தாழ இதே வாசகம்தான். 200 ஆண்டுகளில் எங்கள் துறையின் நடை மாறவே இல்லை.

அதே ஆண்டு ஜூலை 27 அன்று காங்கிரஸ் என்ற குடியேற்றங்களின் பொது அவை 20,000 பேர் கொண்ட படைக்கு ஒரு மருத்துவமனை அமைப்பைத் தீர்மானித்தது. ஒரு தலைமை இயக்குநர், 4 அறுவை மருத்துவர்கள், 20 உதவியாளர்கள், 10 நோயாளிக்கு ஒரு செவிலி. மருந்துக்காரர்? ஒரே ஒருவர். 20,000 பேருக்கு ஒருவர். ஆனால் சம்பளத்தில் குறை வைக்கவில்லை. அறுவை மருத்துவருக்கு நாளொன்றுக்கு 1⅓ டாலர், மருந்துக்காரருக்கும் அதே 1⅓ டாலர். இதைப் படித்த அன்று எழுந்து நின்று கைதட்டலாமா என்று தோன்றியது.

கிரேகிக்கு மேலே இருந்தவர்களின் கதையையும் பாருங்கள். முதல் தலைமை இயக்குநர் பெஞ்சமின் சர்ச், எதிரிக்குச் சங்கேதக் கடிதம் எழுதிப் பிடிபட்டு 1775 இலையுதிர்காலத்தில் சிறைக்குப் போனார். அடுத்து வந்த ஜான் மார்கனை 1777 தொடக்கத்தில் பதவி நீக்கினார்கள். அவருக்கு அடுத்த வில்லியம் ஷிப்பன் 1780இல் இராணுவ நீதிமன்றத்தில் நின்று, விடுதலையாகி, பிறகு விலகிக்கொண்டார். மூன்று தலைமையும் இப்படி உருண்டன. கீழே கிடங்கில் கிரேகி போர் முடியும்வரை இருந்தார்.

பிறகு அவர் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் ஊரில் குடியேறி, பாலம் கட்டி, ஒரு புதிய ஊர்ப்பகுதியையே எழுப்பி, மாவட்ட நீதிமன்றத்தையும் அங்கே கொண்டுவந்தார். படித்தவர்கள் மேலே எழுதுங்கள்.

#2 ஆற்றங்கரை

ஐயா, வணக்கம். நான் கிழக்குக் கேம்பிரிட்ஜில் 9 ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். லீச்மியர் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடப்பவன். சார்லஸ் ஆற்றின் குறுக்கே அறிவியல் அருங்காட்சியகம் நிற்கும் அணையைத் தினமும் கடக்கிறேன். அங்கே படகுக்காகத் தூக்கும் பாலத்துக்கு 'கிரேகி' என்று பெயர். யாரோ பொறியாளர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்துக் கடைக்காரரா!

ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் மருந்துக்காரர் என்றால் மருந்து விற்பவர் மட்டுமா, வைத்தியமும் பார்ப்பாரா? கிரேகி கையால் மருந்து அரைத்தாரா, இல்லை மேற்பார்வை மட்டும்தானா?

#3 வடமராட்சியான்

கிடங்குக்காரன் ஐயா, எங்கள் பக்கம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. அப்போதிக்கரி. இலங்கையில் தோட்ட மருந்தகங்களிலும் சிற்றூர்களிலும் பட்டம் பெற்ற டொக்டர் இல்லாத இடத்தில் அப்போதிக்கரி ஐயாதான் எல்லாம். நாடி பார்ப்பார், ஊசி போடுவார், மருந்தும் கலக்கிக் கொடுப்பார். என் அப்பாவின் தாய்மாமன் ஒருவர் அப்போதிக்கரி. 'மருந்துக்காரர்' என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் அவருடைய கறுப்புத் தோல்பை நினைவுக்கு வந்தது.

பிரித்தானியர் விட்டுப்போன சொல்தான். அமெரிக்காவில் அதற்கு என்ன பொருள் இருந்தது?

#4 கிடங்குக்காரன்

வடமராட்சியான், நல்ல சொல்லைக் கொண்டுவந்தீர்கள். சென்னை மாகாணத்திலும் அப்பாத்திக்கரி என்று ஒரு பதவி இருந்தது. இனி நானும் அதையே எழுதுகிறேன்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் மருத்துவம், மருந்துக்கடை இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. மருத்துவரே கடை வைத்திருப்பார். கடைக்காரர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பின்னாளில் துரோகி என்று பெயரெடுத்த பெனடிக்ட் ஆர்னால்டு நியூ ஹேவனில் மருந்துக்கடைதான் நடத்தினார். படையில்தான் பிரிவினை துலக்கமானது. 1777இல் காங்கிரஸ் மருத்துவத் துறையைத் திருத்தியமைத்தபோது அப்பாத்திக்கரியின் வேலையை எழுதியே வைத்தது: மருந்தைப் பெற வேண்டும், தயாரிக்க வேண்டும், மருத்துவமனைக்கும் படைக்கும் வழங்க வேண்டும். வைத்தியம் இதில் இல்லை. கொள்முதல், தயாரிப்பு, விநியோகம். அதாவது நான்.

ஆற்றங்கரை தம்பி, அரைத்தாரா என்று கேட்டீர்கள். அரைக்க வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் படைக்கென ஒரு மருந்துக்கூடம் இருந்தது. பட்டை இடிப்பது, களிம்பு காய்ச்சுவது, படைப்பிரிவுகளுக்கு மருந்துப் பெட்டி அடுக்குவது எல்லாம் அங்கே நடந்தன. கிரேகியின் கண் அதன் மேல் இருந்தது.

பெட்டிக்குள் என்ன இருந்தது? காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டை. வலிக்கு அபின். வாந்தி எடுக்க இபிகாக். பேதி போக வைக்க ஜாலப் வேர். கொப்புளம் எழுப்ப ஒரு வண்டின் பொடி. இவற்றோடு கலோமெல், அதாவது நம் சித்த மருத்துவர்கள் 'பூரம்' என்று சொல்லும் அதே ரச உப்பு. படை மருத்துவமனைகளில் பூரம் 10 கிரெயின், ஜாலப் 10 கிரெயின் (மருந்து நிறுக்கும் பழைய சிறு அளவு) சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1793இல் பிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது பெஞ்சமின் ரஷ் அந்த '10க்கு 10' முறையைத்தான் கையில் எடுத்தார். இன்று அதைக் கொடுத்தால் என்னைக் கைது செய்வார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இவற்றில் பெரும்பகுதி லண்டன் வழியாக வந்து இறங்கியவை. எவனோடு சண்டையோ அவனிடம்தான் மருந்து. கப்பல் நின்றது. இருப்புக் கரைந்தது. பிடிபட்ட ஆங்கிலேயக் கப்பல்களில் கிடைத்த மருந்து பொன்னுக்குச் சமம். 1778இல் வில்லியம் பிரவுன் என்ற படை மருத்துவர் லிட்டிட்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரு சிறு மருந்தேட்டை வெளியிட்டார். லத்தீனில், 32 பக்கம். உள்மருந்து 84, வெளிமருந்து 16, அவ்வளவுதான். கையில் கிடைப்பதை வைத்து எதைச் செய்யலாமோ அதை மட்டும் எழுதிய ஏடு. அமெரிக்காவின் முதல் மருந்தேடு அது. தட்டுப்பாடுதான் அதை எழுத வைத்தது.

ஒரு வெள்ளத்தின்போது நான்கு நாள் லாரி வராமல் கிடங்கில் நின்றவன் நான். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை வார்டு வாரியாக எண்ணி, இண்டெண்ட் என்ற கேட்புச் சீட்டில் 200 கேட்டவருக்கு 60 எழுதி, அவர் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன். கிரேகி அதை 8 ஆண்டு செய்தார். ஆகவே அவர் மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. முன்பே சொல்லிவிடுகிறேன்.

#5 ஐந்தொகை

சாய்வு உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் மறுபக்கத்தை நான் எழுதலாம் என நினைக்கிறேன். தொழிலால் கணக்குத் தணிக்கையாளன்.

போர் முடிந்து கிரேகி என்ன செய்தார்? நியூயார்க்கில் மொத்த மருந்து வியாபாரம். அது வெளிக்கடை. உள்கடையில் நடந்தது அரசுக் கடன் பத்திர வணிகம். போரில் காசு இல்லாத அரசு, சிப்பாய்களுக்கும் சரக்குக் கொடுத்த குடியானவர்களுக்கும் பணத்துக்குப் பதில் பத்திரம் கொடுத்திருந்தது. வீட்டில் அடுப்பெரியாதவன் பத்திரத்தை எத்தனை நாள் பெட்டியில் வைத்திருப்பான்? டாலருக்குச் சில காசு என்று விற்றான். வாங்கிக் குவித்தவர்களில் முன்வரிசைக்காரர் கிரேகி.

1788இல் அவர் தன் கூட்டாளிக்கு எழுதிய கடிதம் ஒன்று வரலாற்றாசிரியர்களுக்கு நன்கு தெரிந்தது. ஆபத்தில்லாமல் ஊக வணிகம் செய்ய எனக்குத் தெரிந்த வழி, பதவியில் இருந்து எல்லா நிலவரத்தையும் அறிந்தவர்களோடு சேர்ந்துகொள்வதுதான் என்று எழுதுகிறார். இன்று இப்படி ஒரு மின்னஞ்சல் சிக்கினால் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் கதவைத் தட்டும்.

1790இல் நிதித்துறைச் செயலர் ஹாமில்டனின் கடன் திட்டம் நிறைவேறியது. பழைய பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழு மதிப்பு. முதலில் பெற்ற சிப்பாய்க்கும் ஒரு பங்கு வேண்டும் என்று காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன் கேட்டார், அவை தோற்கடித்தது. தன் பெட்டி மருந்தால் பிழைத்தவனின் பத்திரத்திலேயே அப்பாத்திக்கரி இலாபம் பார்த்தார் என்று சொன்னால் தப்பா?

இன்னொன்று. சயோட்டோ நிறுவனம். வில்லியம் டூயருடன் கிரேகியும் அதன் பொறுப்பாளர். ஓஹையோவில் நிலம் தருகிறோம் என்று பாரிஸில் விற்றார்கள். நூற்றுக்கணக்கான பிரெஞ்சுக் குடும்பத்தினர் 1790இல் கடல் கடந்து வந்து காலிபொலிஸில் இறங்கினார்கள். கையில் இருந்த பத்திரத்துக்குக் கீழே நிலம் இல்லை! நிறுவனம் தனக்குச் சொந்தமாகாத நிலத்தை விற்றிருந்தது. கடைசியில் 1795இல் காங்கிரஸ்தான் பாவம் பார்த்து 24,000 ஏக்கர் ஒதுக்கியது.

இவர் ஊர்ப் பெரியவரா?

#6 கிடங்குக்காரன்

கடிதத்தை நான் படித்திருக்கிறேன். மறைக்க முயலவில்லை, அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் தடுக்காததைச் செய்தார் என்று வாதாட மாட்டேன். எங்கள் துறையில் அந்த வாதத்தைச் சொன்னவர்கள் எல்லாம் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மற்றவன் கண்ணுக்குப் படுமுன் தட்டுப்பாட்டைக் காண்கிற கண் கிடங்குக்காரனுடையது. எது தீரப்போகிறது, எதற்கு நாளை அலைவார்கள் என்பது அவனுக்கு இன்றே தெரியும். போரில் அதே கண்தான் படைக்குப் பட்டையும் அபினும் தேடித் தந்தது. அமைதி வந்ததும் அந்தக் கண் மூடிக்கொள்ளுமா? பத்திரத்தைப் பார்த்தது, நிலத்தைப் பார்த்தது. நல்லவர் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள் என்கிறேன்.

தணிக்கையாளர்களுக்கு எப்போதும் ஆண்டு முடிந்த பிறகுதான் கிடங்கு தெரியும்.

#7 ஐந்தொகை

ஆண்டு முடிவதற்குள் கிடங்கு காலியாகிவிடுகிறதே, என்ன செய்ய!

#8 நெறியாளர்

இருவரும் சிரித்துக்கொண்டே எழுதுகிறீர்கள் என்று நம்புகிறேன். தொழில் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

#9 அல்லி

இந்தப் பேச்சில் கேம்பிரிட்ஜில் கிரேகி வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டீர்கள். பிராட்டில் தெருவில் மஞ்சள் நிறத்தில் நிற்கும் அந்த மாளிகையை நான் மூன்று முறை போய்ப் பார்த்திருக்கிறேன். தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

1759இல் ஜான் வாஸல் என்ற பணக்காரர் கட்டியது. ஜமைக்காக் கரும்புத் தோட்டப் பணம், அடிமை உழைப்பு. அரச விசுவாசியான அவர் 1774இல் ஊரைவிட்டு ஓடினார். வாஷிங்டன் 1775 ஜூலை முதல் அடுத்த ஏப்ரல் வரை அங்கேதான் தலைமையகம் வைத்திருந்தார். கிரேகி வாங்கியது 1791இல். இருபுறமும் தூண் வைத்த தாழ்வாரங்களைச் சேர்த்து, பின்கட்டை நீட்டினார். விக்டோரியா மகாராணியின் தந்தை இளவரசர் எட்வர்டுகூட அங்கே விருந்துண்டார். பத்திரப் பணம் எங்கே போனது என்று ஐந்தொகை கேட்டால், அந்தத் தூண்களைக் காட்டலாம்.

வாஸல் குடும்பத்தின் அடிமைகளாக இருந்த டோனி வாஸலும் அவர் மனைவி கியூபாவும் எசமானர் ஓடியபின்னும் அந்த மண்ணிலேயே இருந்தார்கள். எங்கள் உழைப்பில் விளைந்த இந்தச் சொத்திலிருந்து எங்களுக்கும் ஏதாவது கொடுங்கள் என்று 1781இல் டோனி சட்டமன்றத்துக்கு மனுப் போட்டார். ஆண்டுக்கு 12 பவுண்டு கிடைத்தது. அவர்களுடைய மகன் டார்பியைப் பற்றி ஒரு கதை உண்டு. வாஷிங்டன் வந்திறங்கியபோது வாசலில் நின்ற சிறுவனைப் பார்த்து, வா, என்னிடம் வேலை செய் என்றாராம். சம்பளம் எவ்வளவு என்று பையன் கேட்டானாம். கதை மெய்யோ பொய்யோ, டார்பி 1861 வரை வாழ்ந்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கிரேகியைவிட அவர் மனைவிதான் பிடிக்கும். எலிசபெத் ஷா, நான்டக்கெட் பக்கம். 1793இல் திருமணம். ஒட்டாத குடித்தனம் என்றுதான் சொல்கிறார்கள். அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், ஒரு புழுக் கதை இருக்கிறது.

#10 வடமராட்சியான்

புழுக் கதைக்குக் காத்திருக்கிறேன், அக்கா.

நான் ஒரு ஒப்பீடு வைக்கலாமா? ஊர்ப் பெரியவர் என்ற சொல்லுக்கு ஏற்ற அப்பாத்திக்கரி வேண்டுமென்றால் பிலடெல்ஃபியாவின் கிறிஸ்டோபர் மார்ஷல் இருக்கிறார். டப்ளினில் பிறந்து, 1727இல் அமெரிக்கா போய், மருந்துக்கடையால் வளர்ந்தவர். புரட்சி வந்தபோது 60 கடந்த கிழவர். கடையை மகன்களிடம் விட்டுவிட்டுப் புரட்சிக் குழுக்களின் வேலையாக அலைந்தார். அவருடைய நாட்குறிப்பு அந்தக் காலத்துக்குப் பெரிய சான்று. 1776 ஜூலை 8 அன்று எழுதுகிறார்: காலை வெயில், 11 மணிக்குக் குழுவாக அரசு மாளிகை முற்றத்துக்குப் போனோம், பெருங்கூட்டத்தின் முன் ஜான் நிக்சன் விடுதலை அறிவிப்பை வாசித்தார், மக்கள் மூன்று முறை ஆரவாரித்தார்கள். உலகையே புரட்டிய தாளை முதன்முதலில் பொதுமக்கள் முன் வாசித்த நாளில், அந்த மனிதர் வெயிலைத்தான் முதலில் குறித்துவைக்கிறார்!

அவர் மகன் சார்லஸ் 1821இல் தொடங்கிய பிலடெல்ஃபியா மருந்தியல் கல்லூரியின் முதல் தலைவர். பேத்தி எலிசபெத் மார்ஷல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நொடித்துப்போன குடும்பக் கடையைத் தானே நடத்தி நிமிர்த்தினார்.

#11 அல்லி

தம்பி, மார்ஷலின் நாட்குறிப்பில் எனக்கு நினைவிருப்பது வேறு இடம். மனைவி அபிகெயில் அதிகாலை முதல் இரவு வரை என்னென்ன செய்கிறாள் என்று வியந்து பட்டியல் போடுகிறார். சமையல், ரொட்டி, துவைத்தல், அவருடைய சட்டைகளைத் தேய்த்தல், கருவிகூட இல்லாமல் ஆப்பிள் சாறு பிழிந்து வைத்தல். கூடவே ஒரே பசுவின் பாலில் 20 பெரிய பாலாடைக்கட்டி, அதுவும் தினச் செலவுக்குப் பாலும் ஏடும் எடுத்ததுபோக. 'ஊர்ப் பெரியவர்' குழுக்கூட்டத்துக்குப் போய் வர யார் சட்டை தேய்த்தார் என்று அந்த மனிதராவது எழுதிவைத்தார்.

#12 ஆற்றங்கரை

நேற்று மாலை நூலகத்தில் உட்கார்ந்து கேம்பிரிட்ஜ் வரலாற்றைப் புரட்டினேன். நான் குடியிருக்கும் தெருவின் கதை இவ்வளவு கள்ளத்தனமானது என்று எதிர்பார்க்கவில்லை.

லீச்மியர் முனை என்பது அப்போது சேறும் சதுப்புமாகக் கிடந்த மேடு. அலை ஏறினால் தீவு. 1775 ஏப்ரல் 18 இரவு, லெக்சிங்டனுக்குப் போன ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுமார் 700 பேர் படகில் வந்து, முழங்காலளவு தண்ணீரில் நடந்து கரையேறியது இந்த இடத்தில்தான். ஐயா தொடங்கிய ஏப்ரல் 30 ஆணைக்கு 12 நாள் முன்பு. அதே மண்ணைத்தான் பின்னாளில் கிரேகி வாங்குகிறார்.

எப்படி வாங்கினார்? நம் ஊர் மொழியில் பினாமி. 1795 முதல் கொஞ்சம் கொஞ்சமாக, மைத்துனர் பெயரிலும் வேண்டியவர் பெயரிலும். கிரேகி வாங்குகிறார் என்று தெரிந்தால் விலை ஏறும் அல்லவா? எல்லாம் கைக்கு வந்த பிறகு பாலத்துக்கு அனுமதி கேட்டார். ஏற்கெனவே 1793இல் மேற்கு பாஸ்டன் பாலம் திறந்து, அதன் வாயிலில் கேம்பிரிட்ஜ்போர்ட் வளர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் சும்மா விடுவார்களா? எந்தச் சாலை எந்தப் பாலத்துக்குப் போகும் என்று இரு தரப்புக்கும் ஆண்டுக்கணக்கில் தகராறு. சாலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் சுங்கக் காசு.

1807இல் அனுமதி. 1809இல் பாலம் திறந்தது. ஆவணப்படி பெயர் 'கால்வாய்ப் பாலம்', மிடில்செக்ஸ் கால்வாய்க்காரர்களும் பங்காளிகள் என்பதால். மக்கள் வாயில் கிரேகி பாலம்.

1810இல் லீச்மியர் முனை நிறுவனம். நிலத்தை 60 பங்காக்கிப் பங்கு ஒன்றுக்கு 6,000 டாலர் மதிப்பு போட்டார். பத்திரங்களின்படி மொத்த நிலத்துக்கும் அவர் கொடுத்தது 20,000 டாலருக்கும் குறைவு.

#13 ஐந்தொகை

3,60,000. குறைந்தது 18 மடங்கு. கூடவே ஒரு கேள்வி: அந்தச் சேற்றில் வந்து குடியேற ஆள்?

#14 ஆற்றங்கரை

அதற்குத்தான் நீதிமன்றம். ஆள் வரவில்லை. பாலம் இருந்தும் மனை விற்கவில்லை. 1813இல் நிறுவனம் மிடில்செக்ஸ் மாவட்டத்திடம் ஒரு பேரம் வைத்தது. இடம் தருகிறோம், நீதிமன்றமும் சிறையும் 24,000 டாலர் வரை எங்கள் செலவில் கட்டித் தருகிறோம், இங்கே வந்துவிடுங்கள். மாவட்டம் ஒத்துக்கொண்டது. பழைய கேம்பிரிட்ஜ்காரர்கள் கொதித்தார்கள். 1816இல் நீதிமன்றம் ஹார்வர்டு சதுக்கத்தை விட்டு இங்கே வந்துவிட்டது. கட்டட வரைபடம் போட்டவர் சார்லஸ் பல்ஃபின்ச். வழக்குக்கு வருகிறவன் சாப்பிட வேண்டும், தங்க வேண்டும், வக்கீலுக்கு அறை வேண்டும். ஊர் தானாக முளைக்கும் என்ற கணக்கு. 1818இல் நியூ இங்கிலாந்து கண்ணாடி ஆலையும் வந்தது.

கட்டடம் இன்றும் நிற்கிறது. இன்று காலை போனேன். செங்கல் சுவர், மேலே வெள்ளைக் கூண்டு. உள்ளே இப்போது ஒரு கலை மையம். வாசற்படியில் இரண்டு பிள்ளைகள் நடன உடையில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தார்கள்.

#15 ஐந்தொகை

நீதிமன்றத்தையே இலவசமாகக் கொடுத்து மனை விற்றிருக்கிறார். நம் ஊரில் பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் முன் சுற்றிலும் யார் நிலம் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்ப்போமே, அதற்கு இவர் பாட்டனார். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், பினாமியாக வாங்கியவர்களில் எத்தனை பேர் பாலமும் கட்டினார்கள்? இந்த ஒரு இடத்தில் கிடங்குக்காரன் ஐயா பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். கொஞ்சம்தான்.

கடைசியில் எவ்வளவு விட்டுப்போனார்?

#16 கிடங்குக்காரன்

கடன் விட்டுப்போனார்.

கூட்டாளி டூயர் 1792 நிதிச்சந்தைப் பீதியில் கவிழ்ந்து, கடன்காரர் சிறையில் அடைபட்டு 1799இல் செத்தார். கிரேகி அப்போது தப்பித்துவிட்டார். தப்பித்ததே கெடுதலாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். மாளிகை, தோட்டம், விருந்து, பாலம், நிலம் என்று எல்லாமே கடன் மேல் ஏறின. மனை விற்ற வேகத்தைவிட வட்டி வேகமாக ஓடியது. எங்கள் மொழியில் சொன்னால் தேவைக்கு மேல் இண்டெண்ட் போட்டுவிட்டார். நிலத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது என்று நம்பினார். கடனுக்கு உண்டு.

அந்தக் காலத்தில் கடனுக்காகக் கைது செய்யலாம். வீட்டு வாசலைத் தாண்டினால் அதிகாரி பிடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பிடியாணை செல்லாது. ஆகவே கிரேகி வாரத்தில் 6 நாள் அந்த மஞ்சள் மாளிகைக்குள்ளேயே அடைந்து கிடந்தார். ஞாயிறு ஒரு நாள்தான் வெளிக்காற்று. மாவட்டத்துக்கு நீதிமன்றமும் சிறையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த மனிதர்! 1819இல் இறந்தார். கண்ணாடி ஆலை புகை விடத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கிழக்குக் கேம்பிரிட்ஜ் அதன் பிறகுதான் நிரம்பியது.

ஐந்தொகை தம்பி, நீங்கள் தொடுத்த பத்திரக் குற்றச்சாட்டு அப்படியே இருக்கட்டும். நான் அதை அழிக்கச் சொல்லவில்லை. நேற்று இரவு அதைப் பற்றி யோசித்துக்கொண்டே படுத்தேன். 8 ஆண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு மருந்து கொடுத்தவருக்கு, அந்தக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள் நினைவில் இருந்திருக்கும். எனக்கு இருக்கிறது.

#17 அல்லி

புழுக் கதை. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கணவர் போன பிறகு எலிசபெத் கிரேகியிடம் மிஞ்சியது அந்தப் பெரிய வீடும் கடனும். அறைகளை வாடகைக்கு விட்டார். எட்வர்டு எவரெட், ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்று ஹார்வர்டுக்காரர்கள் வந்து தங்கினார்கள். 1837இல் ஓர் இளம் பேராசிரியர் கதவைத் தட்டினார். பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர் லாங்ஃபெல்லோ. மாணவன் என்று நினைத்து இனி மாணவர்களுக்கு அறை இல்லை என்று சொல்லிவிட்டாராம், பேராசிரியர் என்று தெரிந்த பிறகே இடம் கொடுத்தார்.

தலையில் பாகை கட்டிக்கொண்டு வால்டேர் படிக்கும் கிழவி அவர். ஒரு வசந்தத்தில் வீட்டுமுன் நின்ற எல்ம் மரங்களைப் புழு மொய்த்துத் தின்றது. மரத்துக்குத் தார் பூசித் தடுக்கலாமே என்று அக்கம்பக்கத்தார் வந்து சொன்னார்கள். மறுத்துவிட்டார். அவையும் நம்மைப் போன்ற புழுக்கள்தானே ஐயா, நமக்கு இருக்கும் உரிமை அவற்றுக்கும் உண்டு என்றார். திறந்த சன்னலருகே அவர் உட்கார்ந்து படிக்க, புழுக்கள் நூல் விட்டு இறங்கிப் பாகையில் ஊர்ந்தன. லாங்ஃபெல்லோ பார்த்துச் சொன்ன கதை இது.

1841இல் அவர் இறந்தார். 1843இல் லாங்ஃபெல்லோவின் மாமனார் வீட்டை 10,000 டாலருக்கு வாங்கி மகளுக்குத் திருமணச் சீராகக் கொடுத்தார். இன்று அது லாங்ஃபெல்லோ வீடு. கிரேகியின் பாலத்துக்குப் போட்டியாக இருந்த மேற்கு பாஸ்டன் பாலம் நின்ற இடத்துக்கும் லாங்ஃபெல்லோ பாலம் என்றே பெயர். வாடகைக்கு வந்தவர் வீட்டையும் எதிரிப் பாலத்தையும் எடுத்துக்கொண்டார்.

#18 வடமராட்சியான்

எனக்கு இப்போது கிரேகி மேல் இரக்கம் வந்துவிட்டது. இதுதான் இந்த இழையில் எனக்குப் பிடிக்காத விளைவு.

#19 ஆற்றங்கரை

பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் யாராவது வந்தால் பாலம், நீதிமன்றம், பிராட்டில் தெரு வீடு மூன்றையும் ஒரே நாளில் நடந்து பார்க்கலாம். லீச்மியர் நிலையத்தில் காலை 10 மணிக்குக் கூடலாமா? கிடங்குக்காரன் ஐயா, உங்கள் மகள் நியூ ஜெர்சியில் இருப்பதாக வேறோர் இழையில் எழுதியிருந்தீர்கள். வரும்போது சொல்லுங்கள்.

#20 கிடங்குக்காரன்

அக்டோபரில் வருகிறேன் தம்பி. முழங்கால் வலி இருக்கிறது, மெதுவாக நடக்க வேண்டும். ஐந்தொகையும் வந்தால் அந்த நீதிமன்றப் படியிலேயே உட்கார்ந்து மீதிச் சண்டையை முடித்துவிடலாம். சமோசா என் செலவு.

எந்தக் கிழமை வைத்தாலும் எனக்குச் சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையாக வைத்தால் கிரேகியும் வரலாம்.